ஏறுகிற வண்டிக்கு வழி

ஆகஸ்ட் 4, திங்கள்

அறிவியல் கண்காட்சியில் என் விமான நிலைய மாதிரிக்குப் பள்ளியில் முதலிடம். அடுத்து தேனியில் மாவட்டச் சுற்று. சந்தோஷமாக எழுத வேண்டிய நாள். ஆனால்—

நடுவர் கேட்டார்: ஒரு விமானம் ஓடுபாதையில் கிளம்பத் தயார். இன்னொன்று இறங்க நெருங்கிவிட்டது. யாருக்கு முதலில் வழி விடுவாய்?

யோசிக்கவே இல்லை. "ஏறுற விமானத்துக்கு சார்" என்றேன். கம்பம்மெட்டு மலைப்பாதையில் அப்படித்தான். அப்பா ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி நிற்கும்.

"ரெண்டும் மோதிரும்மா" என்று அவர் சிரித்தார். வகுப்பும் சிரித்தது.

ஆகஸ்ட் 5

தேனியில் என் வகுப்பு பிரின்சி விளக்கம் சொல்வாளாம். நான் பக்கத்தில் நின்று விளக்கு சுவிட்சைப் போட வேண்டுமாம். ஜெபமணி டீச்சர் முடிவு. என் மாதிரிக்கு நான் சுவிட்ச் போடுகிறவளா?

"நான் கேக்கலடி, அவுகளாத்தான் சொன்னாக" என்றாள் பிரின்சி. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. பொய். கொஞ்சம் இருக்கிறது.

சரியான பதிலோடு வர, திங்கட்கிழமை வரை டீச்சரிடம் அவகாசம் கேட்டேன். கொடுத்தார்.

ஆகஸ்ட் 6

நூலகம். பொதுவாக, முதலில் வந்ததற்கு முதலில் வழி. இறங்கும் கடைசிக் கட்டத்தில் இருப்பது, கிளம்பக் காத்திருப்பதை முந்தும். ஆபத்தில் இருப்பது எல்லாவற்றையும் முந்தும்.

மனப்பாடம் ஆகிவிட்டது. ஏன் என்று கேட்டால்?

ஆகஸ்ட் 9, சனி

அப்பாவோடு கம்பம்மெட்டுக்குப் போனேன். திரும்பி இறங்கும்போது வளைவில் ஒரு சுமை லாரி ஏறி வந்தது. அப்பா ஓரங்கட்டினார்.

"ஏன்ப்பா நம்மதான் நிக்கணும்?"

"பாரத்தோட அவன் நடுவளைவுல நின்னா பின்னால உருண்டுருவான். நமக்கென்ன, பிரேக்கு இருக்கு."

தோட்டத்து வேலை முடிந்து பின்னால் உட்கார்ந்திருந்த மலையம்மாள் அத்தை, "லைசென்சு எடுக்கப் போறியா ஆத்தா? மொத உங்கப்பனுக்கு ஒண்ணு எடுத்துக் குடு" என்றார். ஜீப்பே சிரித்தது.

எனக்கு அது காதில் ஏறவில்லை. ஏறுவதா இறங்குவதா என்பது பேச்சே இல்லை. நிற்பது யாருக்குக் கடினமோ அவருக்கு வழி. மலையில் அது ஏறுகிறவர். வானத்தில் இறங்குகிறவர். தரையில் இருக்கும் விமானம் சும்மா நிற்கலாமே.

ஆகஸ்ட் 11

டீச்சரிடம் சொன்னேன். இரண்டாவது தடவையும் சொல்லச் சொன்னார். பிறகு, "இதையே அங்கனயும் சொல்லு" என்றார்.

சுவிட்ச் பிரின்சியிடம்.

ஆகஸ்ட் 13, தேனி

நடுவர் ஒரு அம்மா. "முன்னால அமைச்சர் வர்ற விமானம். பின்னால எரிபொருள் தீரப்போற விமானம். அமைச்சரைக் காக்க வைப்பியா?"



"வைப்பேன் மேடம். அவரு இன்னும் ரெண்டு சுத்து சுத்தலாம். பின்னால வர்றவங்களால முடியாது."

நான் சொல்லாமலே பிரின்சி பின்னால் இருந்த விமானத்துக்குப் பச்சை விளக்கைப் போட்டாள்.

இரண்டாமிடம்.

ஆகஸ்ட் 16, சனி

அதே வளைவு. அப்பா ஓரங்கட்டினார். லாரி ஏறிப் போன பிறகும் வண்டியை எடுக்கவில்லை.

"என்னப்பா?"

"உத்தரவு வரட்டும்னு நிக்கிறேன்."

தலையை வெளியே நீட்டிக் கீழே பாதையைப் பார்த்தேன். காலி.

"போகலாம்" என்றேன்.