தொடர்புப் பட்டியலில் உன் பெயர்

விவேக் நகர், பெங்களூரு
ஏப்ரல் 24, வியாழன்

அன்பு மகன் கிளெமென்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். குழந்தை இயேசு உன்னைச் சுகமாக வைத்திருக்க வேண்டும் என்று இன்று காலை நொவேனாவில் வேண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதித்தான் வழக்கம், இந்தத் தடவை அந்த வரியைப் பாதிதான் எழுத முடிகிறது. நான் நலம். அப்பாவுக்கு மார்ச் மாதம் டிபி என்று தெரிந்தது. ஆறு வாரமாக மாத்திரை சாப்பிடுகிறார், உயிருக்கு ஒரு பயமும் இல்லை, நேற்று மத்தியானம் மீன் குழம்பு கேட்டு இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ வீடியோவில் வரும்போது உன் அறைக்காரர்கள் ஐந்து பேரும் சுற்றிக் கட்டிலில் இருப்பார்கள், இதை அவர்கள் காதில் போட்டு உன்னைச் சங்கடப்படுத்த எனக்கு மனசில்லை. அதோடு எனக்குத்தான் முக்கியமான விஷயம் எதுவும் வாயில் வராதே, உன் கிளாஸ் மிஸ் கூப்பிட்டபோதுகூடக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோய் நீட்டினவள்தானே நான். மாடி வீட்டு குளோரியா ஞாயிறன்று தோஹா திரும்புகிறாள், ஊறுகாய் பாட்டிலோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். ஊறுகாய் கசிந்து கடிதம் சிவந்துவிட்டால் என்னைத் திட்டக் கூடாது ஆன்ட்டி என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.

என் வேலை உனக்குத் தெரியும், டிபி ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா, சாயங்காலக் காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா. அப்புறம் எக்ஸ்ரே வண்டி தெருவுக்கு வரும், இருமல் இருக்கிறவர் இல்லாதவர் எல்லோரையும் படம் எடுப்பார்கள். இருமுகிறவர்களை மட்டும் தேடினால் நோய் உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் விடுபட்டுப் போகிறார்கள் என்று நம் நாட்டிலேயே பெரிய கணக்கெடுப்பில் தெரிந்திருக்கிறதாம், அதனால்தான் இந்த ஏற்பாடு. சொந்த வீட்டை நானே கேட்கக் கூடாது என்பது விதி, ஆகவே நம் வீட்டுக்கு என்னோடு வேலை செய்கிற வீணா வந்தாள். இருமல் உண்டா என்று அவள் கேட்டதும் அப்பா இல்லை என்றார், பக்கத்தில் நின்ற நானும் இல்லை என்று தலையாட்டினேன். நாங்கள் பொய் சொல்லவில்லை கண்ணா. கிறிஸ்துமஸிலிருந்தே இருமிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பெயின்டர் வீட்டில் அதை இருமல் என்று யார் சொல்கிறார்கள், சுவருக்குப் பட்டி தேய்த்தால் தூசி, தின்னர் திறந்தால் நெடி, இருபத்தைந்து வருஷமாக நான் கேட்டுப் பழகின சத்தம். அறுபது வீட்டில் கேட்ட கேள்வி என் வீட்டுச் சத்தத்தில் பொருந்தும் என்றே எனக்குத் தோன்றவில்லை. வண்டி டீக்கடைப் பக்கத்தில் நின்றதால் போகிற போக்கில் அப்பாவும் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார், அதில் தெரிந்தது, சளியிலும் உறுதியானது. வீணா தன் கன்னடத் தமிழில் என்னைப் பிடித்துக்கொண்டாள், "ஏனு பியாட்ரிஸ், ஏரியாவுல இருக்கற நெஞ்சையெல்லாம் விசாரிக்கறே, பக்கத்துல படுக்கற நெஞ்சு காதுல விழலையா" என்று. திட்டிவிட்டு அவளே எனக்கு டீயும் வாங்கிக் கொடுத்தாள்.

இப்போது அப்பாவுக்குத் தினமும் இரண்டு முட்டை, பருப்பு, கடலை. ஜார்கண்டில் நோயாளிகளின் குடும்பத்துக்கும் சத்தான சாப்பாடு கொடுத்துப் பார்த்ததில், வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கு நோய் வருவது நாற்பது சதவீதம் அளவுக்குக் குறைந்ததாம், அதைக் கேட்டதிலிருந்து நானும் ஒரு முட்டை சாப்பிடுகிறேன். "என்னைய மைசூர் குதிரை ரேஸுக்கா அனுப்பப் போறே" என்று அப்பா கேட்கிறார். நாற்பத்தேழு கிலோவிலிருந்து ஐம்பத்தொன்றுக்கு வந்துவிட்டார். எனக்கு நோய் இல்லை, ஆனாலும் கூடவே இருந்தவள் என்பதால் வராமல் தடுக்க வாரம் ஒரு நாள் மாத்திரை, மொத்தம் பன்னிரண்டு வாரம். முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சாகப் போனதைப் பார்த்துக் கதவைத் திறக்காமல் அழுதேன், அது மாத்திரையின் நிறம்தான் என்று அப்புறம் நர்ஸ் சொன்னார்.

இனிமேல் வருவதுதான் எழுதக் கஷ்டமாக இருந்தது. நோய் தெரிந்தால் உடனே தொடர்புப் பட்டியல் எழுத வேண்டும், கடந்த மூன்று மாதத்தில் கூடவே இருந்தவர்கள், ஒரே அறையில் படுத்தவர்கள் யார் யார் என்று. நீ ஜனவரியில் குழந்தை இயேசு திருவிழாவுக்கு வந்தாயே, குளிருக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு மூன்று பேரும் ஒரே அறையில்தான் படுத்தோம், நீ அப்பா பக்கத்தில். ஆனால் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் பேர மட்டும் எழுதாத பியா, ஜூன்ல அவனுக்கு விசா பேப்பர் புதுப்பிக்கணும், எக்ஸ்ரேல ஒரு புள்ளி தெரிஞ்சாக்கூட பெட்டியக் கட்டச் சொல்லிடுவாங்க, என்னால அவன் பொழப்பு போகக் கூடாது" என்றார். நான் எழுதவில்லை. ஆறு வாரமாக அந்தத் தாளில் என் பெயர் மட்டும்தான் இருந்தது.

ஈஸ்டர் அன்று வீடியோவில் பேசும்போது நீ இரண்டு தடவை இருமினாய். ஏசி காற்று ஒத்துக்கலம்மா என்று சிரித்தாய். அப்பா தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போனார், அப்புறம் திரும்பி வரவே இல்லை, கவனித்தாயா. பட்டித் தூசி என்று அவர் சொன்ன அதே குரல் உன் வாயில் வந்தது. மறுநாள் ஆபீஸ் கூட்டத்தில் எங்கள் சாய்கிருஷ்ணா சார் எல்லாப் பட்டியலையும் வைத்துக்கொண்டு பேசினார். இரண்டாம் தடவை விசாரித்தபோது அதிகமாக விடுபட்டிருந்தது வெளியிலிருந்து வந்துபோனவர்கள்தானாம், லீவில் வந்த பிள்ளை, விசேஷத்துக்கு வந்த தங்கை. "நோய் பஸ் ஏறுது, பிளைட் ஏறுது, நம்ம படிவம் மட்டும் வாசப்படியிலேயே நிக்குது" என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆனால் என்னால் நிமிர முடியவில்லை. கூட்டம் முடிந்ததும் அவரிடம் போய், பட்டியலில் எழுதுகிற பெயர் வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போகுமா என்று மட்டும் கேட்டேன். போகாது, இங்கேயேதான் இருக்கும், வெளிநாட்டில் இருக்கிறவரிடம் சொல்ல வேண்டியது குடும்பம்தான் என்றார். அங்கேயே நின்று உன் பெயரை எழுதினேன்.

சொல்வதைக் கேள். புதுப்பிக்கிற வரைக்கும் காத்திருக்காதே, இந்த வாரமே டாக்டரிடம் போய், அப்பாவுக்கு டிபி, ஜனவரியில் ஒரே அறையில் படுத்தேன் என்று மறைக்காமல் சொல்லி எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள். கிருமி உள்ளே தூங்கிக்கொண்டு மட்டும் இருந்தால் அது யாருக்கும் பரவாது, என்னைப் போல மாத்திரை போதும். நோயே என்றாலும் மருந்தை விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும். உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அனுப்பினால் வா, வீடு இருக்கிறது, மருந்து இருக்கிறது, முட்டை இருக்கிறது. ஆனால் உன் அறையில் ஐந்து பேர் மூச்சு விடுகிறார்கள், அவர்களுக்கும் எங்கேயோ ஒரு அம்மா உட்கார்ந்து ஜெபம் செய்துகொண்டிருப்பாள். ரிசல்ட் வரும்வரை மாஸ்க் போட்டுக்கொள், ஜன்னல் பக்கம் படு.

பெயர் எழுதியதை அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் முட்டையைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். நேற்று அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். ஒரே அறையில் எத்தனை இரவு என்ற இடத்தில் நான் பதினேழு என்று எழுதியிருந்தேன். "தப்பு. பதினெட்டு. கெளம்பற அன்னிக்கும் மூணு மணி வரைக்கும் என் போர்வையதான் இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்திருந்தான்" என்று அவரே பேனாவை எடுத்துத் திருத்தினார். சீக்கிரம் டெஸ்ட் எடுக்கச் சொல்லு, கோவிச்சுக்கிட்டான்னா நான்தான் சொல்லச் சொன்னேன்னு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

சேசு உன் கூடவே இருந்து காப்பாராக, தாய் மரியாள் உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும். ரிசல்ட் எதுவானாலும் முதலில் எங்களுக்குச் சொல், வாய் வராவிட்டால் படம் எடுத்து அனுப்பு, எனக்குப் படிக்கத் தெரியும். கீழே அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா பியாட்ரிஸ்
அப்பா ஓஸ்வால்ட்