சவுக்காரம் பூசிய பெல்ட்

இன்று காலை பக்கத்து வீட்டு வேன் கிளம்பும்போது பெல்ட் கீச்சிட்டது. சற்று நேரத்தில் ரப்பர் தீயும் மணம் குசினி வரைக்கும் வந்தது. அடுப்பில் இருந்த பாலை இறக்கிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். சிநேகிதி, நீ செத்துப்போய் இத்தனை வருடமாகியும் அந்த மணம் வந்தால் என் கைவேலை நின்றுவிடும்.

இறக்கக்கண்டியில் உன் புருசன் ஓட்டிய வாடகைக் காரின் சத்தம் ஊருக்கே தெரியும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற சின்னக் கப்பி தேய்ந்து போயிருந்தது. கொழும்பு வரை ஆள் விட்டுத் தேடினார். வெளிநாட்டுச் சாமான் வராத காலம், கிடைக்கவில்லை. "கப்பி சுத்தாமல் இறுகினால் பெல்ட் அறும். பிறகு தண்ணி சுத்தாது, எஞ்சின் கொதிச்சு நிண்டிடும்" என்று மெக்கானிக் சொன்னதை அவரே எங்களுக்குச் சொன்னார். நிறைமாதத்தில் உனக்கு அந்தச் சத்தம் தலைக்குள் ஊசி ஏற்றியது. "பிள்ளை செவிடாத்தான் பிறக்கும்" என்பாய், சிரித்துக்கொண்டே.

வலி கண்ட அன்று முற்பகல் ஆஸ்பத்திரிக்குப் போக நானும் உன்னோடு காரில் ஏறினேன். கார் சத்தமில்லாமல் கிளம்பியது.

"என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாய்.

"சத்தம் வராமல் பெல்ட்டுக்கு உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம் பூசினனான். நீ நிம்மதியாப் படு."

நிலாவெளி தாண்டும்வரை என் மடியில் கண்ணை மூடிக் கிடந்தாய். சத்தம் இருந்திருந்தால், அது கூடுவதைக் கேட்டு அவர் நிறுத்தி ஆறவிட்டிருப்பார். அன்று கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

சாம்பல்தீவுக்குக் கிட்ட ரப்பர் தீயும் மணம் வந்தது. பிறகு பொனட்டுக்குள் ஒரு அடி. கப்பி இறுகிப் பெல்ட் அறுந்திருந்தது. அப்படியே ஓட்டிப் பார்த்தார். கொஞ்சத் தூரத்தில் ஆவி எழும்பி எஞ்சின் நின்றது. அந்த வெயிலில் வேறு வாகனம் வரவில்லை. அவர் மாட்டுவண்டி தேடி ஓடினார். உன் சேலை இரத்தத்தில் நனைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் என் கையைப் பிடித்தாய். "சவுக்காரம் பூசினதை அம்மாவுக்குச் சொல்லாதை. எனக்காகத்தான் செய்தவர். அவரை ஒருத்தரும் ஏசப்படாது."

"ஓம், சொல்லமாட்டன். நீ கதையாதை" என்றேன்.

மாட்டுவண்டியில்தான் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அவளை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டு ஓடினார்கள். உன்னை இறக்க வந்தவர்கள் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரப்படாமல் இறக்கினார்கள்.

அவர் அந்தக் காரைத் திரும்பத் தொடவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். போன மாதம் என்னிடம் வந்து, "கடைசியா என்னை ஏசினவளோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. உங்களை ஒருத்தரும் ஏசப்படாதெண்டுதான் சொன்னவள்."

"அப்ப சவுக்காரத்தாலதான் எண்டு அவளுக்கு விளங்கியிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. பழைய கார் உன்னைக் கொண்டுபோய்விட்டது என்றே நினைக்கிறா. வேலை முடிந்து வரும் அவருக்கும் உன் மகளுக்கும் தன் கையாலேயே சோறு போடுகிறா. அவரை "என்ர பிள்ளை" என்றுதான் சொல்லுவா. அங்கே போகும்போதெல்லாம் உனக்குச் சொன்ன அந்த "ஓம்" என்னோடு வருகிறது. சவுக்காரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அவ போடும் சோற்றை நானும் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.