சுரண்டச் சொன்ன குரல்

2008 ஆகஸ்ட் 3

இன்று மானம் போனது. போன தீபாவளிக்கு மகன் சசி வாங்கித் தந்த போனில் காசு தீர்ந்துவிட்டது. சந்திக் கடையில் ரீலோட் கார்ட் ஒன்று வாங்கினேன். நம்பரை மூடியிருக்கும் சாம்பல் பூச்சைச் சுரண்ட நகம் போதவில்லை. பால்வெட்டுக் கத்தியை எடுத்தேன். ரப்பர் மரத்துக்கு நோகாமல் பட்டையை மட்டும் சீவுகிற கை என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளையே புகழ்ந்த கை இது. பூச்சு போனது, நம்பர் போனது, கார்டில் ஒரு ஜன்னலும் திறந்துகொண்டது.

எங்கள் லய வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் இராமசாமி அந்த ஜன்னல் வழியாக ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்து, "செல்லையாண்ணே, பால் வடியுதா?" என்றான். என் மனைவி சுப்பம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பு அணைந்தது.

சசி கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். சாயந்தரம் அவனே போனில் கோல் எடுத்தான், நடந்ததைச் சொன்னேன். "நைனா, அது மரமில்ல. காசு ஒன்னால மெதுவா சுரண்டுங்க." இப்போது அவனுக்கு நான் பிள்ளை.

ஆகஸ்ட் 17

இராமசாமிக்கு வேன் விழுந்திருக்கிறதாம். போனில் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாளாம். லொத்தர்க் குலுக்கலில் அவன் நம்பர் வந்துவிட்டது, பதிவுச் செலவுக்கு மட்டும் ரீலோட் கார்டுகள் வாங்கிச் சுரண்டி நம்பரை வாசிக்க வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது. அவனும் யாரிடமும் சொல்லவில்லை — மனைவி புஷ்பத்தின் தோட்டை அடகு பிடித்தவரையும், இந்த லயம் முழுவதையும் தவிர.

லயத்துக்கு ரோட்டே இல்லையே, வேனை எங்கே நிறுத்துவாய் என்று கேட்டேன். பொறாமை என்றான். உண்மையில் பொறாமைதான்.

ஆகஸ்ட் 20

வேன் வரவில்லை. அந்தப் பெண்ணின் நம்பர் வேலை செய்யவில்லை.

இராமசாமி குடித்துவிட்டு வந்து முதலில் புஷ்பத்தை அடித்தான். தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். விலக்கப் போன என் மூக்கில் அவன் முழங்கை. பிறகு, கார்ட் விற்றவனும் கூட்டுக் கள்ளன்தான் என்று கத்திக்கொண்டு பால்வெட்டுக் கத்தியோடு சந்திக்கு ஓடினான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைக்கார ஸம்சுதீன் நானா கத்தியை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இடது உள்ளங்கை பிளந்து, பருப்புச் சாக்கு சிவந்து கிடந்தது. நாலு பேர் சேர்ந்து இராமசாமியை மிதித்துத்தான் கத்தியைப் பிடுங்கினோம். நானும் மிதித்தேன். மூக்குக்காக ஒன்று கூடுதலாக.

ஆகஸ்ட் 24

ஸம்சுதீன் நானா கட்டுப் போட்ட கையோடு கடை திறந்துவிட்டார். பொலிசில், மீன் டின் திறக்கும்போது கிழிந்தது என்று சொல்லியிருக்கிறார். கத்தியோடு ஒரு தமிழன் வந்தான் என்று யுத்தம் நடக்கிற இந்த நாளில் சொன்னால் அது இராமசாமியோடு நிற்காது, லயமே இராணுவ லொறியில் ஏற வேண்டியிருக்கும். மனிதருக்கு அது தெரிந்திருக்கிறது.

என்னிடம் சொன்னார்: "கார்ட் நம்பர் எண்டா காசு, செல்லையாண்ணே. வாயால செல்லிட்டா முடிஞ்சி, திரும்பி வராது. போன்ல அத யாரு கேட்டாலும் கள்ளன். லொத்தர்காரன் கேட்டாலும் கள்ளன், பொலிஸ் கேட்டாலும் கள்ளன். அவசரப்படுத்துவான், யாருக்கும் செல்லாதேம்பான். அதான் அடையாளம்."

இனி ஒரு ஆளுக்கு ஒரு கார்டுக்கு மேல் தரமாட்டாராம்.

செப்டம்பர் 9

கொழும்பில் திரும்பவும் இராணுவத்தின் சுற்றிவளைப்பு. பயப்பட வேண்டாம், அடையாள அட்டை இருக்கிறது என்கிறான் சசி. அதில்தானே தமிழ்ப் பெயரே எழுதியிருக்கிறது.

செப்டம்பர் 16

எழுத்து கோழி கிளறினது மாதிரி வருகிறது. வரட்டும்.

காலையில் மரத்தடியில் நின்றேன். போன் அடித்தது. சிங்களத்தில் ஒரு ஆண் குரல். உன் மகன் எங்கள் கையில் இருக்கிறான் என்றது. "சசியா?" என்று கேட்டேன். ஆமாம், சசிதான் என்றது.

(இப்போதுதான் உறைக்கிறது. அவனுக்குப் பெயர் தெரியாது. நான்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.)

மத்தியானத்துக்குள் இராணுவக் கேம்புக்கு ஏற்றிவிடுவார்களாம். அதற்கு முன் பத்து கார்ட் வாங்கி நம்பரை வாசித்தால் விட்டுவிடுவார்களாம். யாரிடமாவது வாய் திறந்தால் உடம்பைத் தேடிக்கொள் என்றான். சசியின் போனுக்கு அடித்தேன். செத்துக் கிடந்தது. இன்னொரு தடவை. அதுவும் அப்படியே.

வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஸம்சுதீன் நானா தரமாட்டேன் என்றார். கொஞ்சம் பொறுங்கள், மகனின் கூட்டாளி யாருக்காவது கோல் எடுத்துப் பார்ப்போம் என்றார். அவர் சொன்ன அடையாளம் அத்தனையும் எனக்கு மனப்பாடம். அவசரம், இரகசியம், கார்ட். மனப்பாடம் என்ன செய்யும்? பெத்த வயிறு மாதிரி எனக்கும் ஒன்னு இருக்குல்ல.

இன்னும் ஆறாமல் கட்டுப் போட்டிருந்த கையை மேசைமேல் வைத்திருந்தார். எந்தக் கை என்று தெரிந்தேதான் குத்தினேன். முழுப் பலத்தோடு. அவர் உடனே கத்தவில்லை. வாய் திறந்தது, மூச்சு உள்ளே போனது, அங்கேயே நின்றது. கொஞ்சம் கழித்துத்தான் "அல்லாஹ்" என்று வந்தது. அதற்குள் நான் கார்டுகளை அள்ளிக்கொண்டு கடைக்குப் பின்னால் போய்விட்டேன்.

முதல் கார்டை எதனால் சுரண்டினேன்? கத்தியால்தான். எனக்கென்று இருக்கிற புத்தி அவ்வளவுதான். போன் வந்தது. வாசித்தேன். நடுவில் ஓட்டை, இலக்கம் இல்லை. ஒரு நம்பர் விளங்கவில்லை என்றேன். விளையாடுகிறாயா என்று கேட்டுவிட்டு, போனை யார் பக்கமோ நீட்டினான் போலிருக்கிறது. ஈரச் சாக்கில் தடியால் அடித்தது மாதிரி ஒரு சத்தம். ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் அது வந்தது.

"அப்பா! நம்பர சொல்லிருங்கப்பா!"

அடுத்த கார்டை எடுத்த கை அப்படியே நின்றது.

சசி என்னை அப்பா என்று கூப்பிட்டதே கிடையாது. எங்கள் குடும்பத்தில் தெலுங்கு எப்போதோ போய்விட்டது, 'நைனா' மட்டும் போகாமல் தங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள், அவன் மாற்றவில்லை. நாய் தொடையைக் கவ்வியபோதும் நைனா என்றுதான் அலறினான்.

அது என் மகன் இல்லை என்று சிங்களத்தில் சொன்னேன். போன் இன்னும் அந்தப் பையனின் வாயருகே இருந்திருக்க வேண்டும். மூச்சு கேட்டது. அப்புறம் இன்னொரு அடி.

போனை அணைத்தேன். அணைத்துவிட்டு, கடைக்குப் பின்னால் அந்தக் குப்பையில் உட்கார்ந்து சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன். என் பிள்ளை இல்லை. என் பிள்ளை இல்ல சாமி.

செப்டம்பர் 17

சசி பேசினான். கடைப் பையன்கள் எல்லோரையும் பதிவுக்கு என்று பொலிசுக்குக் கொண்டுபோய் நேற்று இருட்டும்வரை உட்கார வைத்திருக்கிறார்கள். போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். கன்னத்தில் ஒரு அறை விழுந்ததாம். "ஒன்னே ஒன்னுதான் நைனா" என்கிறான், தள்ளுபடி கிடைத்த மாதிரி. சுப்பம்மா போனைப் பிடுங்கி அழுது தீர்த்தாள்.

மிச்சக் கார்டுகளை எடுத்துக்கொண்டு ஸம்சுதீன் நானாவிடம் போனேன். காயம் திறந்து, கட்டில் இரத்தம் புதிதாக ஊறியிருந்தது. கார்டுகளை வாங்கி வைத்தார். ஸ்டூலைக் காட்டினார்.

"மகன் சொகமா?"

"சொகம் நானா."

"மரத்துக்கு மட்டுந்தான் நோகாம வெட்டுவீங்க போல" என்று சொல்லி, பிளேன்டீயை வலது கையால் தள்ளினார்.

அக்டோபர் 12

லயத்தில் எனக்கு இப்போது மரியாதை. தெரியாத நம்பரில் கோல் வந்தால் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். கார்ட் என்ற சொல் வந்தால் வைத்துவிடு. பெயரை நீயாகச் சொல்லாதே. வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒன்றைக் கேள். இதையே நூறு தடவை சொல்லியாயிற்று.

புஷ்பம் மட்டும் மடக்கினாள். "எங்க வீட்டு ஆளு என்னய 'ஏய்'னுதான் கூப்பிடும். அத எந்தக் கள்ளனும் சொல்லிருவானே அண்ணே." எல்லோரும் சிரித்தார்கள். நெற்றியில் சுவர் மோதிய வடு இன்னும் போகவில்லை.

2009 ஜனவரி 14

பொங்கல். சசி வந்திருக்கிறான். இராமசாமி குடிக்காமல் வந்தான். ஸம்சுதீன் நானாவும் வந்தார், இராமசாமிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். நானாவுக்கு இடது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை.

கதையைச் சொல்லச் சொன்னார்கள். நடித்தே காட்டினேன். சிங்களக் குரல், ஓட்டைக் கார்ட், கடைசியில் கீச்சுக் குரலில் அந்த "அப்பா!" சசி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"நடிச்சவன் நல்லா நடிச்சானா நைனா?"

"நல்லாத்தான் நடிச்சான்" என்றேன்.

ஸம்சுதீன் நானா சிரிக்கவில்லை. சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடிக்கிறவன் அடி விழும்போதே கத்துவான். அந்தப் பையனுக்கு மூச்சு உள்ளே போய் நின்று, பிறகுதான் சத்தம் வந்தது. அன்று காலையில் நான் குத்திய குத்துக்கு ஸம்சுதீன் நானாவுக்கு வந்த மாதிரியே. எங்கோ யாரையோ அப்பா என்று கூப்பிடுகிற பிள்ளை அவன். அது என் மகன் இல்லை என்று நான் சொன்னபோது அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.