நாற்பது நிமிட வாத்தியார்

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே மூன்று பேரும் சௌக்கியம், நான்காவதாக என் தொண்டை மட்டும் சரியில்லை, காரணம் கீழே. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள்.

போன வாரம் வாத்தியார் வேலையை விடப்போகிறேன், ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன், முடியவில்லை என்று போனில் சொன்னாய். பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லிக் கொடுப்பதில் என்னம்மா அலுப்பு, நிழலில் நின்று பேசுகிற வேலைதானே என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். உன் அம்மா அன்றிலிருந்து எனக்கு ஆறின காப்பிதான் தருகிறாள்.

இந்த நேரம் பார்த்து தங்கையின் பள்ளியில் ஆசிரியர்களைப் பாராட்ட ஒரு நாள் வைத்து, அன்று பெற்றோர் வந்து பாடம் எடுக்க வேண்டும் என்றார்கள். யாரோ என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள் (நான் இல்லை. - தங்கை). ஆறாம் வகுப்பு, கணக்கு, சராசரி. தையல்காரனுக்கு இது பெரிய விஷயமா என்று டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனேன். பத்துப் பேரை வரிசையாக நிற்கவைத்து உயரம் அளந்து போர்டில் எழுதினேன். வளரும் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் அளவெடுத்துப் பழகின கை, எல்லாருக்கும் இரண்டு அங்குலம் கூட்டியே எழுதிவிட்டது. வக்கீல் என்று பட்டப்பெயராம் ஒருத்திக்கு, அவள் எழுந்து, நேத்துதான் நர்ஸ் அளந்தாங்க, நான் ஒரே நாள்ல ரெண்டு அங்குலம் வளந்துட்டேனா சார் என்றாள். வகுப்பே சந்தைக்கடை ஆகிவிட்டது. நான் கத்தினேன், தொண்டைதான் போனது.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர் எழுந்து வந்து என்னைக் காப்பாற்றவில்லை. பிள்ளை மாதிரி கையைத் தூக்கி, சார், எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு கூடினா சராசரி எவ்வளவு கூடும் என்று கேட்டார். அவ்வளவுதான், அத்தனை தலையும் நோட்டுக்குள் குனிந்தது. எனக்கும் விடை தெரியாது. வக்கீல் இரண்டு என்று சொன்ன பிறகு, தெரிந்தவன் போல ம், சரி என்றேன்.

இதை விடு, அளக்க வரத் தயங்கிய ஒரு பெண்ணை டீச்சர் நீ இங்கேயே உட்கார்ந்து எண்களைக் குறிச்சுக்கோ என்று முன்னமே சொல்லியிருந்தார். அவள் பாவாடைத் தையல் பிரிந்திருந்ததாம், பிறகுதான் சொன்னார். முப்பது வருஷமாகத் தைக்கிறவன், கையில் டேப்போடு நின்றும் பார்க்கவில்லை. நாற்பது நிமிடத்தில் எனக்கு முழங்கால் கழன்றுவிட்டது, அவருக்கு அன்று இன்னும் நாலு பீரியட்.

கண்ணு, நீ எழுதி வைத்திருக்கும் ராஜினாமாவைக் கொடு என்றோ கிழி என்றோ நான் சொல்லமாட்டேன். அது உன் முடிவு. என் பேச்சுக்குக் கோபித்துக் கொடுத்துவிடாதே, அவ்வளவுதான். முடியவில்லை என்று நீ சொன்னபோதே நான் நம்பியிருக்க வேண்டும்.

நீயும் தொண்டைக்கு வெந்நீர் குடி. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் பேசு, நான் வாயைத் திறந்தால் போனைப் பிடுங்க அம்மாவுக்கு உத்தரவு கொடுத்திருக்கிறேன். எதைச் செய்தாலும் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு: மன்னிச்சுக்கோ என்று அப்பா மூன்று தடவை எழுதச் சொல்லி, மூன்று தடவையும் அடிக்கச் சொன்னார். கடிதத்தை மடிக்கும்போது நான் எழுதிவிட்டேன். - தங்கை