கிண்ணத்தில் விழுந்ததும் டம்ளரில் விழுந்ததும்

அன்பு மகளுக்கு,

நீயும் மருமகனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நானும் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், என் மானத்துக்குத்தான் கொஞ்சம் சேதம். அம்மா போனில் சொல்லிச் சிரிப்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன். உருளைக்கிழங்கு வயலில் இரண்டு பட்டை மட்டும் செடி மஞ்சளாகிச் சோர்ந்து நின்றது. நம் ஸ்பிரிங்ளர் வண்டிதான் உனக்குத் தெரியுமே, குழாயை உருளை சுற்றி இழுக்க இழுக்க, அது தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே வயலின் அந்தக் கோடியிலிருந்து நகர்ந்து வரும். அதன் முனையில் தண்ணீர் பீய்ச்சும் புது நாசில் மாட்டியது உன் மாமன். அதனால் குற்றவாளி யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் சாட்சி வேண்டும் அல்லவா, அம்மா குளிக்கப் போன நேரம் சமையலறையைக் காலி செய்து, வண்டித் தடத்துக்கு இடதுபக்கம் கிண்ணங்களும் வலதுபக்கம் டம்ளர்களும் வரிசையாக வைத்தேன். வண்டி ஓடி முடிந்ததும் விழுந்த தண்ணீரை நீ குடித்த பால்புட்டியில் ஊற்றி அளந்தேன். இடதுபக்கம் இரண்டு பங்கு, வலதுபக்கம் ஒரு பங்கு!

நேரே மாமன் பட்டறைக்குப் போனேன். வேலைக்கு வந்தவர்கள் இரண்டு பேர் நிற்கும்போதே, உன் நாசிலுக்கு வாய் கோணல், என் பயிரைக் கெடுத்துவிட்டாய் என்று கத்தினேன். வலமும் இடமுமா மாறி மாறித் திரும்புற நாசில், ஒரு பக்கம் மட்டும் எப்படி மச்சான் கம்மியாத் துப்பும் என்று கேட்டான். அளந்தவனுக்கு நீ பாடம் நடத்தாதே என்றேன். கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். பத்து நாள், அக்காவைப் பார்க்கக்கூட இந்தப் பக்கம் வரவில்லை.

வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். கிண்ணத்துக்கு வாய் அகலம், டம்ளருக்குக் குறுகல், மழையில வச்சாலும் இப்படித்தான் ரொம்பும், இதுக்கா என் தம்பியைத் திட்டினீங்க என்றாள் அம்மா. அப்புறம் ஒரே அளவில் பன்னிரண்டு பெயின்ட் டப்பா வாங்கி வந்து, வண்டி எல்லாத் தடத்திலும் ஓடி முடியும்வரை வைத்துப் பார்த்தோம். தடத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவுதான், நாசிலில் ஒரு குறையும் இல்லை. தடத்தை விட்டுத் தள்ளிப் போகப் போகத்தான் குறைந்தது, இரண்டு தடத்துக்கு நடுவில், அந்த மஞ்சள் பட்டைகளில், டப்பாவின் அடி நனைந்ததோடு சரி. ஒரு ஓட்டத்தின் ஓரத்தண்ணீர்மேல் அடுத்த ஓட்டத்தின் ஓரத்தண்ணீரும் விழவேண்டும் என்று உன் மாமன்தான் முதலிலேயே நான்கு தடம் அளந்து குச்சி நட்டுக் கொடுத்திருந்தான். குழாயை ஒருதடவை குறைவாக இழுக்கலாமே என்று குச்சியைப் பிடுங்கி மூன்று தடமாக்கிய மேதாவி உன் அப்பன். இப்போது மறுபடி நான்காக்கிவிட்டேன். பட்டை பச்சை பிடிக்கிறது, ஆனால் அங்கே கிழங்கு சிறுத்துத்தான் இருக்கும்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு, நேரமில்லை என்று நீ வெறும் வயிற்றோடு ஓடாதே. மருமகனின் இருமலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா, மறக்காமல் எழுது. இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள், எங்கள் மனசு எப்போதும் உங்களோடுதான்.

நேற்று மாமன் வந்தான், கூப்பிடாமலே. வரப்பில் நின்று குச்சிகளை எண்ணினான். நான்கு. இப்ப சரியா இருக்கு மச்சான் என்றான். தப்பு என்னோடதுடா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அம்மா கொண்டுவந்த டம்ளரை நீட்டி, டீ ஆறுது, குடி என்றேன்.

இப்படிக்கு,
உன் அப்பா