திரைக்குப் பின்னால் ஸரூக் மாஸ்டர்

1974 ஏப்ரல் 2

என் புருஷன் ஹுமைத் மௌத்தாகி ஒரு மாதம். புருஷன் இறந்தவள் ஒதுங்கி இருக்கும் இத்தா முடிய இன்னும் மூன்று மாதமும் ஒரு வாரமும் இருக்கிறது. அதுவரை வெள்ளைச் சேலை, மூடிய சன்னல், கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு திரை. அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது.

இன்று அவருக்கு மூத்த காக்கா, புஹாரி மச்சான், வந்து திரைக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். இத்தா முடிந்ததும் நான் மொனராகலையில் என் கூடப்பிறந்த நானா வீட்டுக்குப் போய்விட வேண்டுமாம். எங்கள் தையல் கடையில் அவர் இரும்புக் கடை போடப் போகிறாராம். "தம்பியோட கையும் போச்சு, கடையும் போச்சு" என்றார்.

தம்பியின் கையா? ஹுமைதுக்குக் கண் மங்கி ஏழு வருடம். அவர் முன்னால் நின்று அளவெடுப்பார். உள்ளே இருந்து வெட்டுவதும் தைப்பதும் நான். யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவா என்று அவர் கேட்டபோதெல்லாம் நான்தான் வேண்டாம் என்றேன். புத்தி கெட்டவள்.

ஏப்ரல் 4

பக்கத்துப் பாத்திரக் கடை விசாலாட்சி குசினிக் கதவு வழியாக வந்தாள். மொனராகலைக் கதையையும், இத்தனை நாள் தைத்தது நான்தான் என்பதையும் சொல்லி அழுதேன். அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டு, "மெஷினுக்கு எண்ணெய் போட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் 9

கடை திறந்தாயிற்று. முன்னால் விசாலாட்சி, பின்னால் நான். பெண்களுக்கு அவள் அளவெடுப்பாள், ஆண்களுக்கு அவள் புருஷன் லிங்கம். ஏலம் போடுகிற மாதிரி அவர் அளவுகளைக் கத்துவதை நான் உள்ளே எழுதிக்கொள்வேன்.

மே 3

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெரியாயி, தன் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் பதினோரு பேரைக் கூட்டி வந்துவிட்டாள். ரேஷன் கூப்பனுக்குக் கிடைத்த சீத்தைத் துணி எல்லாருக்கும் ஒரே பச்சைப் பூ. சட்டைக் கழுத்தையாவது பதினோரு விதமாக வெட்டச் சொன்னாள். ஒன்பதாவது கழுத்துக்கு மேல் எனக்கு யோசனை ஓடவில்லை. பத்தாவதைத் தப்பாக வெட்டினேன். அதுதான் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது!

மே 12

யார் தைக்கிறது என்று ஊரே கேட்கிறதாம். விசாலாட்சி கொஞ்சமும் கூசாமல், "பண்டாரவளையில ஸரூக் மாஸ்டர்னு ஒருத்தர். துணி ரயில்ல போயிட்டு வருது" என்று சொல்லிவிட்டாள். கேட்டவர்கள் நம்பியதும் அவளுக்குத் தெம்பு வந்து, மாஸ்டருக்கு மீசையும் முன்கோபமும் வேறு கொடுத்திருக்கிறாள்.

மே 27

புஹாரி மச்சான் முழுக்கால் களிசான் தைக்கத் துணி கொடுத்தனுப்பினார், ஸரூக் மாஸ்டருக்கு! போட்டுப் பார்த்துவிட்டு, தம்பியை விட நல்ல கை என்றாராம். திரைக்குப் பின்னால் சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. அப்புறம் ஹுமைத் இல்லையே என்று நினைத்தேன். இதைக் கேட்டிருந்தால் என்னைவிட அதிகம் சிரித்திருப்பார்.

ஜூன் 20

கல்யாண வீட்டுச் சட்டை. சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றார். ரயில் கதை எப்படிப் பலிக்கும்? மாஸ்டர் இன்றைக்கு இங்கேயே வந்திருக்கிறார் என்றாள் விசாலாட்சி. அவரை நம்பவைக்க லிங்கத்தின் பழைய செருப்பைக் கொண்டுவந்து என் வாசற்படியில் போட்டாள்.

எடுக்க மறந்துவிட்டாள். அந்த வழியாகப் போன புஹாரி மச்சான் பார்த்துவிட்டார். இத்தா இருக்கிறவள் வாசலில் ஆம்பிளைச் செருப்பு! என்ன ஆகுமோ, அல்லாஹ்.

ஜூன் 21, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் புஹாரி மச்சான் பள்ளிவாசல் லெப்பையை அழைத்துக்கொண்டு வந்தார். உள்ளே ஒளிந்திருக்கிற ஆள் இப்போதே வெளியே வர வேண்டுமாம். இல்லையென்றால் இன்றே நான் மொனராகலைக்குப் போக வேண்டும். கடை போனால் போகட்டும், என் மானம்?

விசாலாட்சி வழியை மறித்து நின்றாள். "மாஸ்டர் இத்தாவுல இருக்காங்க லெப்பை. வெளிய வர முடியாது."

இதற்குமேல் ஒளிந்து என்ன பயன்? திரைக்கு உள்ளிருந்தே சொன்னேன்: "மச்சானுக்கு இடுப்பு முப்பத்தெட்டு. வலது கால் முப்பத்தொம்பது. இடது கால் முப்பத்தெட்டரை. ஏழு வருஷமா அந்த அரை அங்குலத்தை மறைச்சு வெட்டுறது நான்தான்."

ஒரு கால் அரை அங்குலம் கட்டை என்பது தனக்கும் ஹுமைதுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று மச்சான் நினைத்திருந்தார். குனிந்து தன் இடது காலைப் பார்த்தாராம். லெப்பை தன் சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாராம், அதுவும் என் கை வேலைதானே! "வீட்டுக்குள்ள இருந்து தைக்கிறதுல என்ன குத்தம் ஈக்குது?" என்றார். போகும்போது, காலர் கொஞ்சம் இறுக்கம் என்று விசாலாட்சியிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

இரண்டு பேரும் குசினியில் கட்டிக்கொண்டு அழுதோம். செருப்பை அவள் அடுப்பில் போடப் போனாள். லிங்கம் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்.

ஜூலை 10

இத்தா முடிந்தது. திரையைக் கழற்றினேன். நல்ல கெட்டித் துணி. விசாலாட்சிக்கு இரண்டு பாவாடை வந்தது.

ஆகஸ்ட் 19

புஹாரி மச்சான் தனியாக வந்தார். கோபத்தில் பண்டாரவளையில் வேறு யாரிடமோ புதுக் களிசான் தைத்திருக்கிறார். அந்த ஆள் இரண்டு காலையும் சமமாக வெட்டிவிட்டான். இடது கால் தரையைக் கூட்டுகிறது. அதை மேசையில் வைத்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, "இரும்புக் கடைக்குப் பசறை ரோட்டுல வேற எடம் பார்த்தீக்கிறேன்" என்றார்.

அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

வியாழக்கிழமை வரச் சொன்னேன். கால் மணி நேர வேலைதான். இருந்தாலும், டெய்லர் என்றால் இரண்டு தடவையாவது அலைய வைக்க வேண்டாமா?