சங்கிலி நுழையாத தெரு

என் கருப்பையா அண்ணனுக்கு,

வாய்க்கால் மேட்டில் யாரும் இல்லாதபோது மட்டும் நீ என்னை 'ஏலே' என்பாய். ஊருக்குள் வந்தால் 'சாமி'. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. ஏலே என்று கூப்பிட எனக்கு ஆள் இல்லை.

சேதி சொல்கிறேன். சென்னையில் என் டாக்டர் பட்ட ஆராய்ச்சி முடியப் போகிறது. சிறு பட்டணங்களில் குழாய்த் தண்ணீர் யார் யாருக்குப் போகிறது என்பது பொருள். நம் ஊரையே எடுத்துக்கொண்டேன். பஞ்சாயத்து போர்டு முத்திரை குத்திய வரைபடத்தை விரித்தால், உன் தெரு இருக்க வேண்டிய இடத்தில் 'தரிசு' என்று இருக்கிறது. அத்தனை வீடும் தரிசா?

விசாரித்தேன். நிலம் அளக்கச் சங்கிலி பிடித்து வந்தவர்கள் உள்ளே நுழைந்தால் தீட்டு என்று தெருமுக்கிலேயே நின்றுவிட்டார்கள். நின்ற இடத்திலேயே தரிசு என்று எழுதிவிட்டார்கள். தரிசுக்கு எதற்குக் குழாய்? நீங்கள் வாய்க்கால் தண்ணீரையே குடித்தீர்கள். வாந்திபேதி வந்தது. நீ போனாய்.

போர்டில் அந்த வரைபடத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "பெரிய மனுசக பாத்துக் கையெழுத்துப் போட்டாக. நீ நாலெழுத்து படிச்சிட்டுப் பொய்யினு எழுதுவியாக்கும்? எழுது. அப்புறம் சோத்துக்கு எங்கன போவ?"

முத்திரை இல்லாத படம் ஆதாரமாகாது என்கிறார் என் பேராசிரியர். போர்டு படத்தை வைத்தால் நீ பிறக்கவே இல்லை. அதை எடுத்துவிட்டால் எனக்குப் பட்டம் இல்லை. நான் எந்தப் பக்கம் திரும்புவது அண்ணே?

நேற்று நானே ஒரு சங்கிலி வாங்கி வந்தேன். மறுமுனையைப் பிடிக்க எங்கள் தெருவில் ஒருவரும் வரவில்லை. உன் தெருமுக்கில் தனியாக நின்றேன். உன் மனைவி பார்த்துவிட்டு வந்தார்.

"செத்தப்புறம்தான் அளக்க வாராக" என்றார். பிறகு குனிந்து மறுமுனையை எடுத்தார். "உள்ள வாங்க சாமி. முக்குல நின்னா தரிசுதான் தெரியும்."

கடைசி வீடு வரை அளந்தோம்; அளந்ததை ஒரு தாளில் வரைந்தேன். கடைசி வீடு உன்னுடையது.

பட்டம் போனால் போகட்டும் என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முத்திரையில்லாத அந்தத் தாள்தான் என் ஆராய்ச்சியின் முதல் பக்கம். யார் சொன்னாலும் எடுக்க மாட்டேன்.

நீ ஏலே என்று கூப்பிட்ட
உன் தம்பி